மயக்க மருந்துத் துறை: நம் பிள்ளைகளுக்கு இடம் உண்டா?

(நம் பள்ளியின் ஆண்டுப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை. நேரமின்மையால் மேடையில் விடுபட்ட சில விவரங்களையும் சேர்த்து, மலருக்காக அவரே எழுதித் தந்தது.)

 

பரிசளிப்பு விழா என்றால் ஆசிரியர்கள் மேடையேறி, "நன்றாகப் படியுங்கள், டாக்டராகுங்கள், வழக்கறிஞராகுங்கள்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவது வழக்கம். நானும் சென்ற ஆண்டு அதைத்தான் சொன்னேன். இறங்கியதும் ஒரு தகப்பனார் என்னைப் பந்தலுக்கு ஓரமாகக் கூப்பிட்டார். அவருடைய மகள் நம் பள்ளியில் படித்தவள். இப்போது இடைநிலைப்பள்ளியில் நான்காம் படிவத்தில் இருக்கிறாள். உயிரியலில் கெட்டிக்காரி. மயக்க மருந்து டாக்டராக வேண்டும் என்று வீட்டில் சொல்லியிருக்கிறாள்.

அவர் என்னிடம் கேட்டது இதுதான்: "டீச்சர், கோவிச்சுக்காதீங்க. மயக்க மருந்து கொடுக்கிற வேலைய இப்போ தாதிங்களே செய்யறாங்களாம். அமெரிக்காவுல அப்படித்தானாம். தங்கச்சி மகன் போன்ல காட்டினான். அப்ப எதுக்கு டீச்சர் என் மக பத்துப் பன்னிரண்டு வருஷம் படிக்கணும்? படிச்சு முடிச்சு வரும்போது அந்த வேலையே இல்லாம போயிட்டா நான் என்ன செய்வேன்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "விசாரிச்சுச் சொல்றேன் அண்ணே" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஓர் ஆசிரியைக்கு அது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. இந்த ஓராண்டாகப் படித்தேன், விசாரித்தேன். இன்று அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை உங்கள் எல்லாருக்குமாகச் சொல்லலாம் என்றுதான் இங்கே நிற்கிறேன். அவரும் வந்திருக்கிறார். மகளும் வந்திருக்கிறாள்.

முதலில் அந்த வேலை என்ன என்று பார்ப்போம். நம்மில் பலர் நினைப்பது, ஓர் ஊசி போட்டால் ஆள் தூங்கிவிடுவார், பிறகு அறுவை டாக்டர் தம் வேலையைச் செய்வார், அவ்வளவுதான் என்று. அப்படியில்லை. ஆழமான கிணற்றில் ஆளை இறக்கித் தூர் வாருவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இறங்கியவன் தன் வேலையைப் பார்ப்பான். மேலே ஒருவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அவன் கண் வேறு பக்கம் போகக்கூடாது; கை தளரக்கூடாது. மயக்க மருந்து கொடுப்பவர் அந்தக் கயிற்றைப் பிடித்திருப்பவர். முழு மயக்கத்தில் நோயாளி தானாக மூச்சு விடுவதுகூட நின்று போகலாம். அப்போது அவருக்காக மூச்சு விட வைப்பது, இரத்த அழுத்தம் இறங்கினால் தூக்கி நிறுத்துவது, வலி தெரியாமல் பார்த்துக்கொள்வது, கடைசியில் பத்திரமாக எழுப்புவது, இத்தனையும் அவர் பொறுப்பு. அறுவை முடியும்வரை அவர் நோயாளியை விட்டு அகலக்கூடாது.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. எனக்குப் பதினொரு வயது இருக்கும்போது என் தாயாருக்குப் பித்தப்பையில் கல். மாவட்ட ஆஸ்பத்திரி ஒன்றில் அறுவை என்று நாள் குறித்தார்கள். நடு இரவுக்குப் பிறகு வாயில் ஒன்றும் படக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். ஆனால் என் தந்தையார் பால்மரம் வெட்டியவர். விடியற்காலை பெரட்டுக்குப் போகும்முன் தேநீர் குடிக்காமல் அந்த வீட்டில் யாரும் இருந்ததில்லை. "வெறும் வயித்தோட எப்படித்தான் தாங்குவே?" என்று, ஐந்து மணிக்கே பிளாஸ்கில் பால் தேநீர் கொண்டு போய் அம்மாவுக்குக் கொடுத்துவிட்டார். பாசம்தான், வேறொன்றுமில்லை. தாதி வந்து மலாய் மொழியில் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டபோது அம்மா இல்லை என்று தலையாட்டிவிட்டார்.

அறுவைக் கூடத்துக்கு வெளியே தள்ளுகட்டிலில் படுத்திருந்தபோது, பச்சை உடுப்பு போட்ட ஒருவர் தலைமாட்டில் வந்து குனிந்தார். மலாய்க்காரர். ஆனால் தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவர் போலும், கொஞ்சம் தமிழ் பேசினார். பல் ஆடுகிறதா, ஆஸ்துமா உண்டா, முன்பு அறுவை நடந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு மெதுவாக, "அம்மா, காலையிலே தே குடிச்சீங்களா? உண்மை சொல்லுங்க. கோபம் இல்லே" என்றாராம். அம்மா அழுதுவிட்டார். உண்மையைச் சொல்லிவிட்டார். உடனே அறுவையை மத்தியானத்துக்குத் தள்ளி வைத்தார்கள்.

என் தந்தையாருக்கு அன்று கோபம். ஒரு தேநீருக்கா இவ்வளவு என்று. ஏன் என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் புரிந்தது. விழித்திருக்கும்போது வயிற்றில் உள்ளது தொண்டைக்கு வந்தால் நாம் இருமி வெளியே தள்ளுவோம். மயக்கத்தில் அந்தக் காவல் இல்லை. வயிற்றில் உள்ளது நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. பொதுவாக உணவுக்கு ஆறு மணி நேரம், வெறும் தண்ணீருக்கு இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும் என்பார்கள். பால் கலந்தது எதுவும் தண்ணீர்க் கணக்கில் வராது. உணவுக் கணக்கில்தான் வரும். தாய்மார்களே, பெரியோர்களே, இன்று நான் சொல்வதில் வேறு எது மறந்தாலும் இதை மறந்துவிடாதீர்கள். ஆஸ்பத்திரியில் சொல்லும் நேரத்தை அப்படியே கடைப்பிடியுங்கள். தவறிக் குடித்துவிட்டால் மறைக்காதீர்கள். அறுவை தள்ளிப் போகும், அவ்வளவுதான்.

அம்மாவின் தலைமாட்டில் குனிந்தவர் டாக்டரா, டாக்டருக்கு உதவியாக இருந்தவரா என்பது இன்றுவரை அம்மாவுக்குத் தெரியாது. "யாரோ ஒரு நல்ல மனுஷன்" என்பார். அந்தத் தகப்பனார் கேட்ட கேள்விக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. ஆகவே இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

இப்போது அமெரிக்காவுக்குப் போவோம். இந்தச் சண்டை நேற்று ஆரம்பித்ததல்ல. 1846-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் பாஸ்டன் நகர மருத்துவமனையில் வில்லியம் மோர்ட்டன் என்ற பல் மருத்துவர், ஈதர் என்ற திரவத்தின் ஆவியை நோயாளி ஒருவரை முகரச் செய்தார். ஜான் வாரன் என்ற அறுவை மருத்துவர் அவருடைய கழுத்தில் இருந்த கட்டியை அகற்றினார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே ஜார்ஜியா மாநிலத்தில் கிராஃபோர்ட் லாங் என்ற மருத்துவர் ஈதரைக் கொடுத்து அறுவை செய்திருந்தார். ஆனால் அதை உடனே உலகத்துக்குச் சொல்லவில்லை. அதற்கு முன்பெல்லாம் நோயாளியை நாலு பேர் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, அவர் அலற அலறத்தான் கத்தி வைத்தார்கள்.

ஈதர் வந்தது. யார் அதைக் கொடுப்பது? அறுவை மருத்துவர்களுக்குக் கத்தி பிடிப்பதில்தான் விருப்பம். படித்துக்கொண்டிருக்கும் இளம் மருத்துவர்களிடம் கொடுத்தால், அவர்கள் நோயாளியை விட்டுவிட்டு அறுவையை வேடிக்கை பார்த்தார்கள். எனவே பொறுமையாக, கண் இமைக்காமல் நோயாளியையே கவனிக்கும் ஆள் தேவைப்பட்டது. அந்த இடத்துக்குத் தாதிகள் வந்தார்கள். 1877-இல் பென்சில்வேனியா மாநிலத்து ஈரி நகர மருத்துவமனையில் மேரி பெர்னார்ட் என்ற கன்னியாஸ்திரி இந்தப் பணியை ஏற்றார். மேயோ மருத்துவமனையில் ஆலிஸ் மகாவ் என்ற தாதி, 14,000-க்கும் மேற்பட்டோருக்கு மயக்க மருந்து கொடுத்து, மயக்க மருந்தால் ஓர் உயிர்கூடப் போகவில்லை என்று 1906-இல் கணக்கு எழுதி வெளியிட்டார். அந்தக் காலத்தில் கருவிகள் ஏது? நாடியைப் பிடித்து, மூச்சைக் கேட்டு, முகத்தின் நிறத்தைப் பார்த்துத்தான் எல்லாம்.

பிறகு மருத்துவர்களும் இதைத் தனித் துறையாக எடுத்துக்கொண்டார்கள். அப்போது வழக்கும் வந்தது. மயக்க மருந்து கொடுப்பது மருத்துவத் தொழில், தாதி அதைச் செய்யலாமா என்று கென்டக்கி மாநிலத்தில் 1917-லும், கலிபோர்னியாவில் 1936-லும் நீதிமன்றம் வரை போனார்கள். மருத்துவரின் கண்காணிப்பில் தாதி இதைச் செய்வது குற்றமல்ல என்று இரண்டு இடத்திலும் தீர்ப்பாயிற்று.

2001-ஆம் ஆண்டு இன்னொரு மாற்றம் வந்தது. அரசாங்கக் காப்புறுதியில் வரும் நோயாளிக்குத் தாதி மயக்க மருந்து கொடுக்கும்போது மருத்துவர் ஒருவர் மேற்பார்வையிட வேண்டும் என்பது விதி. அந்த விதி வேண்டாம் என்று மாநில ஆளுநர் எழுதிக் கொடுத்தால் விலக்கு உண்டு என்றார்கள். முதலில் விலகிக்கொண்ட மாநிலம் ஐயோவா. பிறகு இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் விலகிவிட்டன. காரணம் என்ன தெரியுமா? கிராமப்புறம்தான். ஊர் சிறியது, மருத்துவமனை சிறியது, மயக்க மருந்து டாக்டர் அங்கே போய் இருக்கச் சம்மதிப்பதில்லை. தாதிதான் இருக்கிறார். அவரையும் வேண்டாமென்றால் பிரசவத்துக்கு அறுவை செய்ய ஆள் இல்லை.

ஆனால் எல்லாக் கதவும் திறந்துவிடவில்லை. முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் உயர் பயிற்சி பெற்ற தாதியர்களுக்குத் தனித்து இயங்கும் உரிமையை 2016-இல் கொடுத்தபோது, மயக்க மருந்துத் தாதிகளை மட்டும் அதில் சேர்க்கவில்லை. 2021-இல் அவர்களுடைய சங்கம் தன் பெயரையே மாற்றி, மருத்துவர்கள் தங்களுக்கென்று வைத்திருந்த சொல்லைத் தன் பெயரில் சேர்த்துக்கொண்டது. மருத்துவர் சங்கம் கடுமையாக எதிர்த்தது. பெயருக்கே இவ்வளவு சண்டை என்றால் வேலைக்கு எவ்வளவு இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

யார் கொடுத்தால் பாதுகாப்பு அதிகம்? இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். இரு தரப்பும் ஆளுக்கொரு கணக்கு வைத்திருக்கிறார்கள். காக்ரேன் என்ற பொதுவான ஆய்வு அமைப்பு, அதுவரை வந்த ஆராய்ச்சிகளை எல்லாம் எடுத்து 2014-இல் அலசிப் பார்த்தது. இவர் மேல், அவர் மேல் என்று உறுதியாகச் சொல்வதற்கு இருக்கின்ற ஆதாரம் போதாது என்று முடிவு சொன்னது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் "தாதி" என்று சொல்லும்போது, நாம் கிளினிக்கில் பார்க்கும் மிஸ்ஸியை நினைத்துக்கொள்ளக் கூடாது. நான்கு ஆண்டுத் தாதிமைப் பட்டம். பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவில் குறைந்தது ஓராண்டு வேலை. அதன்பின் மூன்று ஆண்டு மயக்கத் துறைப் படிப்பு. 2022 முதல் இந்தப் படிப்பில் புதிதாகச் சேர்பவர்கள் முனைவர் நிலைப் பட்டமே பெற வேண்டும் என்றாகிவிட்டது. ஆக, எட்டு ஆண்டுக்குக் குறையாது. மருத்துவருக்கோ கல்லூரி நான்கு, மருத்துவம் நான்கு, மயக்கவியல் பயிற்சி நான்கு, மொத்தம் பன்னிரண்டு. "தாதியே செய்யறாங்க" என்று அண்ணன் சொன்னது உண்மைதான். ஆனால் அந்தத் தாதி குறுக்கு வழியில் வந்தவர் அல்லர். அதனால்தான் அங்கே அவர்களுக்கு ஆண்டுக்கு 200,000 டாலருக்கு மேல் சம்பளம் கிடைக்கிறது.

அப்படியானால் அங்கே மருத்துவருக்கு வேலை போய்விட்டதா? இல்லை. வேலை மாறியிருக்கிறது. பல மருத்துவமனைகளில் ஒரு மயக்க மருந்து டாக்டர் நான்கு அறைகள் வரை பார்த்துக்கொள்கிறார். ஒவ்வோர் அறையிலும் ஒரு தாதி நோயாளியின் தலைமாட்டில் இருக்கிறார். தொடங்கும்போதும், எழுப்பும்போதும், ஆபத்து வரும்போதும் டாக்டர் அங்கே நிற்க வேண்டும். இருதய அறுவை, பச்சைக் குழந்தைக்கு அறுவை, பல நோயோடு வரும் முதியவர் என்று கடினமானவை டாக்டரிடம் வருகின்றன. சுலபமான வேலையை மட்டும் செய்துகொண்டு காலத்தை ஓட்டலாம் என்று நினைக்கிற டாக்டருக்குத்தான் அங்கே கவலை. கடினமான வேலைக்குத் தயாராக இருப்பவருக்கு இல்லை.

இதெல்லாம் நமக்குப் புதிதா? யோசித்துப் பாருங்கள். இந்தத் தோட்டத்து மக்களுக்கு இது புதிதே அல்ல. நம் பாட்டிமார்களைக் கேளுங்கள், டிரெசர் கதையைச் சொல்வார்கள். டாக்டர் எப்போதோ ஒருநாள் வந்து போவார். மற்ற நாளெல்லாம் ஊசி போடுவது, தையல் போடுவது, நள்ளிரவில் லயத்துக்கு வந்து காய்ச்சல் பார்ப்பது, எல்லாம் டிரெசர்தான். தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்ய 1965-இல் இந்நாட்டில் தனிச் சட்டமே வந்தது என்றால் பாருங்கள். டிரெசர் டாக்டருக்குப் படித்தவரல்லர். ஆனால் டாக்டர் வராத இடத்தில் அவர் இருந்தார்.

எங்கள் பாட்டி ஒரு டிரெசரைப் பற்றி அடிக்கடி சொல்வார். "அவருக்குத் தெரியாதது நிறைய. ஆனா தெரியாதுங்கிறது அவருக்குத் தெரியும். இது எங்கிட்ட ஆகாது, லாரியில ஏத்துன்னு சொல்லிடுவார். அதனாலதான் ஒங்க பெரியப்பன் பொழச்சான்" என்பார். தன் கைக்கு எட்டியது எது, எட்டாதது எது என்று தெரிந்து நேரத்தோடு சொல்லிவிடுவது பெரிய படிப்பு. அமெரிக்காவில் நீதிமன்றம் வரை போன சண்டையின் அடியிலும் இந்தக் கேள்விதான் இருக்கிறது. எது வரை இவர் செய்யலாம்? எப்போது அடுத்தவரைக் கூப்பிட வேண்டும்? கூப்பிட்டால் வருவதற்கு ஆள் இருக்கிறாரா?

இப்போது நம் நாட்டு நிலைமைக்கு வருவோம். மலேசியாவில் மயக்க மருந்து கொடுப்பது டாக்டரின் பொறுப்பு. அமெரிக்காவைப் போலத் தாதி தனித்துச் செய்யும் முறை இங்கில்லை. ஆனால் டாக்டர் தனியாகவும் செய்ய முடியாது. அவருக்குப் பக்கத்தில், இயந்திரத்தைச் சோதித்து, மருந்தையும் குழாயையும் தயாராக எடுத்து வைத்து, இக்கட்டான நேரத்தில் கை கொடுக்க, பயிற்சி பெற்ற மருத்துவ உதவி அதிகாரி அல்லது தாதி இருக்கிறார். இந்த மருத்துவ உதவி அதிகாரி யார் தெரியுமா? நம் டிரெசர் வழியில் வந்தவர்தான்! அன்றைய ஆஸ்பத்திரி உதவியாளர் பதவிதான் படிப்படியாக உயர்ந்து இன்று இந்தப் பெயரில் நிற்கிறது. மூன்றாண்டு டிப்ளோமா, பிறகு வேலையில் இருந்தபடியே மயக்கத் துறையில் மேற்பயிற்சி. தாதிகளுக்கும் மூன்றாண்டு டிப்ளோமா, அதன்பின் அறுவைக் கூடம், தீவிர சிகிச்சை, மயக்கத் துறை என்று மேற்பயிற்சிகள் உண்டு.

டாக்டராக வேண்டுமானால் வழி நீளம். எஸ்.பி.எம்., பிறகு ஆறாம் படிவம் அல்லது மெட்ரிகுலேஷன், ஐந்தாண்டு மருத்துவப் படிப்பு, இரண்டாண்டு பயிற்சி டாக்டர், பிறகு மருத்துவ அதிகாரி, அதற்கப்புறம் மயக்கவியல் முதுகலை நான்காண்டு. மலாயாப் பல்கலைக்கழகம், மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் இந்த முதுகலை இருக்கிறது. அயர்லாந்து மயக்கவியல் கல்லூரியின் தேர்வெழுதி நிபுணராகும் இணை வழியும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் நிபுணராகும்போது முப்பது வயது தாண்டிவிடும்.

இன்னொரு கசப்பையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2016 டிசம்பர் முதல் புதிய டாக்டர்கள் அரசாங்கத்தில் ஒப்பந்த முறையில்தான் சேர்கிறார்கள். நிரந்தர வேலை எல்லாருக்கும் உடனே கிடைப்பதில்லை. 2021 ஜூலை 26-ஆம் நாள் ஒப்பந்த டாக்டர்கள் நாடு முழுவதும் மருத்துவமனைகளுக்கு வெளியே வந்து நின்றதைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். ஆகவே, மகள் டாக்டராகிவிட்டால் மறுநாளே குடும்பக் கஷ்டம் தீர்ந்துவிடும் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம்.

ஆனால் மயக்கவியல் துறை இந்நாட்டில் சுருங்கப் போகும் துறையல்ல. ஏன்? இந்தத் துறை டாக்டர் அறுவைக் கூடத்தில் மட்டும் இருப்பவரல்லர். மலேசிய அரசாங்க மருத்துவமனைகளில் தீவிர சிகிச்சைப் பிரிவைப் பெரும்பாலும் பார்த்துக்கொள்வதும் மயக்கவியல் துறைதான். 2020, 2021-ஆம் ஆண்டுகளில் கோவிட் நோய் உச்சத்தில் இருந்தபோது, மூச்சு இயந்திரத்தில் கிடந்தவர்களின் பக்கத்தில் இரவும் பகலும் நின்றவர்களில் முன்வரிசை இவர்கள்தான். நம் தோட்டத்தில்கூட அப்போது வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிப் பார்த்தோமே, உயிர்வளி அளவு காட்டும் சின்னக் கருவி, அதன் தத்துவத்தைக் கண்டவர் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி. அது முதலில் ஊன்றி நின்ற இடங்களில் ஒன்று இந்த மயக்கத் துறை. பிரசவ வலியைக் குறைக்க முதுகில் மருந்து கொடுப்பதும், புற்றுநோய்க்காரர்களின் தீராத வலியைப் பார்ப்பதும் இவர்கள் வேலைதான். முதியவர்கள் பெருகப் பெருக அறுவையும் பெருகும். பாதுகாப்பான அறுவையும் மயக்க மருந்தும் எட்டாத மக்கள் உலகில் 500 கோடிப் பேர் என்று 2015-இல் லான்செட் ஆய்வுக்குழு ஒன்று கணக்குச் சொன்னது. இதற்கு டாக்டர் மட்டும் போதாது, தாதி மட்டும் போதாது. இரண்டு பேரும் வேண்டும்.

ஆக, அந்த அண்ணனுக்கு என் பதில் இது. அண்ணே, தாதிகளின் பங்கு பெரிதாவதால் உங்கள் மகளின் வழி அடைபடவில்லை. முன்பு ஒரே ஒரு வாசல்தான் இருப்பதாக நினைத்தோம். இப்போது இரண்டு மூன்று வாசல்கள் தெரிகின்றன. மருத்துவத்துக்கு இடம் கிடைத்தால் போகட்டும். கிடைக்காவிட்டால் உலகம் முடிந்துவிட்டது என்று அழ வேண்டாம். தாதியாகவோ, மருத்துவ உதவி அதிகாரியாகவோ போய், அதே அறைக்குள், அதே தலைமாட்டில் நிற்கலாம். அதை இரண்டாந்தரம் என்று யாராவது சொன்னால், ஆலிஸ் மகாவின் 14,000 பேரைச் சொல்லுங்கள்.

பெற்றோர்களுக்கு மூன்று சொற்கள். முதலாவது, மூன்றாம் படிவம் முடிந்து நான்காம் படிவப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்கள். உயிரியல், வேதியியல், இயற்பியல், கூடுதல் கணிதம் ஆகியவற்றை அங்கே விட்டுவிட்டால் பிறகு பிடிப்பது கடினம். நானே இதற்குச் சாட்சி. "அறிவியல் கஷ்டம், டியூஷனுக்குக் காசில்லை" என்று நான் கலைப்பிரிவுக்குப் போனேன். ஆசிரியர் பயிற்சிக்குப் போய் இன்று உங்கள் முன் நிற்பதில் எனக்கு வருத்தமில்லை, மனநிறைவுதான். ஆனால் அன்று வாசலை நான் பார்த்துவிட்டு மூடவில்லை. பார்க்காமலேயே மூடினேன். உங்கள் பிள்ளை பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

இரண்டாவது, கடன் வாங்கிக் கல்லூரியில் சேர்க்கும்முன் அங்கீகாரத்தைப் பாருங்கள். மருத்துவப் படிப்பு என்றால் மலேசிய மருத்துவ மன்றம், தாதிமை என்றால் மலேசியத் தாதியர் வாரியம் அந்தப் படிப்பை ஏற்றிருக்கிறதா என்று கேளுங்கள். கேட்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கு வாருங்கள், நாங்கள் கேட்டுத் தருகிறோம். வண்ண வண்ண விளம்பரத் தாளை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்பனும் மகளும் ஆளுக்கொரு பக்கம் கடன் கட்டிக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, பெண் பிள்ளைதானே என்று பதினேழு வயதில் தொழிற்சாலைக்கு அனுப்பிவிடாதீர்கள். வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். நானும் அந்த லயத்தில் வளர்ந்தவள்தான். மாதம் வருகிற அந்தச் சம்பளம் இன்றைக்குப் பெரிதாகத்தான் தெரியும். மூன்றாண்டு பொறுத்தால் அந்தப் பிள்ளை கையில் ஒரு தொழில் இருக்கும்.

மாணவச் செல்வங்களே, இனி உங்களுக்கு. நான்காம் ஆண்டு மாணவர்கள் நேற்று என்னிடம், "பெருக்கல் கணக்கு எதுக்கு டீச்சர், கால்குலேட்டர் இருக்கே?" என்று கேட்டார்கள். இதைக் கேளுங்கள். காய்ச்சல் மருந்து ஒன்று, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் கொடுக்க வேண்டும். பிள்ளையின் எடை 20 கிலோ. எவ்வளவு? 300. ஒரு சுழியம் கூடினால் 3,000. ஒரு சுழியம் குறைந்தால் 30, காய்ச்சல் இறங்காது. கால்குலேட்டரைத் தட்டும் விரல் தவறினால், தவறு என்று சொல்ல உங்கள் தலையில் ஒரு கணக்கு இருக்க வேண்டும். அதற்குத்தான் வாய்ப்பாடு.

மொழிப் பாடத்தையும் அலட்சியம் செய்யாதீர்கள். மருத்துவப் புத்தகம் ஆங்கிலத்தில். ஆஸ்பத்திரிப் பேச்சு பெரும்பாலும் மலாயில். ஆனால் பயத்தில் கிடக்கும் ஒரு பாட்டியிடம், "தேநீர் குடிச்சீங்களா பாட்டி, உண்மையைச் சொல்லுங்க" என்று கேட்கத் தமிழ் வேண்டும். அன்று அந்த மலாய்க்காரர் கற்றுவைத்திருந்த நாலு தமிழ்ச் சொல்லால்தான் என் தாயார் வாயைத் திறந்தார். நாலு சொல்லுக்கு அவ்வளவு பலன் என்றால், முழுத் தமிழும் தெரிந்த நீங்கள் அங்கே நின்றால் எப்படியிருக்கும்!

இன்னொரு செய்தியும் சொல்லி முடிக்கிறேன். மயக்கத்தில் இருப்பவரின் மூச்சுக்குழலுக்குள் வைக்கும் குழாய் வெகு காலம் சிவப்பு ரப்பரில்தான் செய்யப்பட்டது. இங்கிலாந்தின் ஐவன் மகில் என்ற மயக்க மருத்துவர் அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். மூச்சுக் காற்றை நிரப்பிக் கையால் அமுக்கும் பையும் ரப்பர். முகமூடியும் ரப்பர். உலகத்துக்கு மிக அதிகமாக ரப்பர் கொடுத்த நாடாக அன்று இருந்தது நம் மலாயா. இருட்டில் விளக்குக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டிய நம் தாத்தா பாட்டிமார் அறுவைக் கூடத்தின் வாசலைக்கூட மிதித்ததில்லை. ஆனால் அவர்கள் எடுத்த பால் எத்தனையோ நோயாளிகளுக்கு மூச்சாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. இப்போது அந்தக் குழாய் பிளாஸ்டிக் ஆகிவிட்டது. நம் தோட்டமும் செம்பனை ஆகிவிட்டது. பால் போன வழியில் இனி நம் பிள்ளைகள் போகட்டும்.

சென்ற ஆண்டு என்னைக் கேள்வி கேட்ட அண்ணனுக்கு இந்த இடத்தில் நன்றி சொல்கிறேன். அவர் கேட்காவிட்டால் நான் இதையெல்லாம் படித்திருக்க மாட்டேன். ஆசிரியருக்கும் கேள்வி கேட்க ஆள் வேண்டும். அடுத்த விழாவிலும் யாராவது என்னைப் பந்தலுக்கு ஓரமாகக் கூப்பிடுங்கள், வருகிறேன்.

இன்று பரிசு பெறும் மாணவர்களுக்கும், அவர்களை இவ்வளவு தூரம் கொண்டுவந்த பெற்றோருக்கும் என் மனமார்ந்த வாழ்த்துகள். பரிசு கிடைக்காத பிள்ளைகளே, நீங்களும் முகம் வாட வேண்டாம். நானும் இந்தப் பள்ளியில் படித்த ஆறாண்டில் ஒரே ஒரு பரிசுதான் வாங்கினேன். அதுவும் வருகைக்கு!